மிஷின் நின்ற நேரங்கள்

டிசம்பர் 2, திங்கள்

காலை 10.50. காதணி விழா பேனர், எட்டுக்குப் பத்து அடி. குழந்தையின் படத்தைத் திறந்தேன். மிஷின் நின்றது.

இப்படி எழுதி வைக்கச் சொன்னது ஜெபராஜ். அம்பாசமுத்திரத்தில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் எல்லோரும் அவருக்குத்தான் போன் அடிப்பார்கள். "எப்ப நிக்கி, அந்நேரம் எதைத் திறந்து வச்சிருந்திய, ரெண்டையும் எழுதி வைங்கக்கா. காய்ச்சல் எத்தனை மணிக்கு வருதுன்னு டாக்டர்ட்ட சொல்லுவோம்லா, அது மாதிரி" என்றார். உரக்கடையில் ஓசியாகக் கொடுத்த டைரி ஜனவரியிலிருந்து சும்மா கிடந்தது. அச்சடித்த தேதிகளை அடித்துவிட்டு எழுதுகிறேன்.

என் கடை நிலா கிராபிக்ஸ். கல்யாணம், சடங்கு, கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் ஊர்க்காரர்கள் முகத்தை அகலமாக்கித் தெருவில் நிறுத்துவது என் வேலை. டிசைன் இங்கே. அச்சு திருநெல்வேலியில். பேனர் பஸ்ஸில் ஏறி வரும்.

நிற்கும்போது திரை முழுக்க நீலமாகிறது. மூலையில் வாய் கோணிய ஒரு சோகமுகம். ஸ்பீக்கரில் க்க்க் என்று ஒரு சத்தம், யாரோ தொண்டையைச் செருமுகிற மாதிரி. இரண்டு மணி நேர வேலை போய்விட்டதே என்று நான் அழ வேண்டிய நேரத்தில் இது எதற்கு அழுகிறதாம்?

டிசம்பர் 3

11.40. பூப்புனித நீராட்டு விழா. நின்றது. மதியம் இரண்டு அஞ்சலி முடித்தேன். நிற்கவில்லை.

டிசம்பர் 5

9.30. கட்சிக்காரர் பிறந்தநாள் பேனர். மூன்று முறை. நான்காம் முறை அவர் மூக்கு மட்டும் தெரிந்து நின்றது.

ஜெபராஜ் வந்தார். கிராபிக்ஸ் கார்டின் டிரைவர்தான் கோளாறாம். கார்டிடம் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிற சின்ன புரோகிராம் அது. தீபாவளி கழித்துப் புது டிசைன் சாப்ட்வேர் போட்டபோது அதுவும் தானாகப் புதிதாகிவிட்டதாம். அதை எடுத்துவிட்டுப் பழையதையே போட்டார்.

"இனிமே நிக்காதுக்கா."

"நின்னா?"

"நின்னா வாரேன்."

இந்த வசனத்தை வைத்தே பத்து வருடம் ஓட்டுகிறார் மனிதர்.

டிசம்பர் 7, சனி

10.15. கல்யாண பேனர். நின்றது. ஆக டிரைவர் இல்லை.

மதியம் உலகம்மாள் மதினி கடைக்கே வந்துவிட்டாள். என் வீட்டுக்காரருடைய அக்கா. கடைக்கு வருகிற ஆளே இல்லை. உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, ஃபேனைப் பார்த்து, ஒருவழியாக ஆரம்பித்தாள்.

"ஆவுடை, எம்மவ செண்பகத்துக்கு இது ஆறாவது வரன், தட்டிப் போச்சு. ஜோசியர் ஒரே வார்த்தைதான் சொல்லுதாரு. வீட்டுல ஒரு ஆணுக்குக் காரியம் பண்ணாம விட்டு வச்சிருக்கியன்னு."

நான் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏழு வருஷம் ஆவுது. இருந்தா ஒரு போனாவது போட மாட்டானா என் தம்பி? கோர்ட்டே ஏழு வருஷம்னா இல்லைன்னுதான் எடுத்துக்கிடுது. தை அமாவாசைக்குப் பாவநாசத்துல வச்சு காரியத்த முடிச்சிருவோம். பொட்டை எடுன்னு நான் சொல்ல மாட்டேன், அது உன் இஷ்டம். ஊருக்குத் தெரிய ஒரு அஞ்சலி மட்டும் வச்சிரணும்."

"ம்."

"நீயே அடிச்சிரு. வேற கடையில போய் நான் என்னன்னு சொல்ல? மறைவுன்னு தேதி போடணும்லா, அவன் வீட்டை விட்டுப் போன தேதியையே போட்டிரு."

பார்க்கலாம் மதினி என்றேன். அவர் போனது ஒரு சின்னப் பேச்சுக்கு. எந்த வீட்டில்தான் பேச்சு இல்லை.

டிசம்பர் 9, திங்கள்

1.20, 1.35, 1.50, 2.10. நான்கு முறையும் காந்திமதிநாதன் சாரின் கண்ணீர் அஞ்சலி.

அஞ்சலிக்கு நிற்பது இதுதான் முதல் தடவை. சார் ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். நான் ஒன்பதாம் வகுப்பில் அவரிடம் காதுத் திருகு வாங்கியிருக்கிறேன். மருமகன் ஆம்புலன்ஸிலிருந்தே வாட்ஸப்பில் படம் அனுப்பி, "சேரன்மகாதேவி தாண்டிட்டோம், நாங்க வாரதுக்குள்ள பேனர் வரணும்" என்று அவசரப்படுத்தினார். இங்கே எல்லோரும் இப்படித்தான். வீட்டுக்குக் கொண்டு போங்க என்று டாக்டர் சொன்னால் முதல் போன் எனக்குத்தான் வரும். சங்கு ஊதுகிறவருக்குக்கூட அடுத்துதான்.

படத்தைத் திறந்தால் நீலம். திறந்தால் நீலம். ஐந்தாவது முறை மிஷினை ஆன் செய்யப் போகிறேன், போன்.

"அக்கா, நிப்பாட்டுங்க. அச்சுக்கு அனுப்பிராதிய. வீட்டுல எறக்கும்போது மாமா கண்ணை முழிச்சுத் தண்ணி கேட்டுட்டாவ."

சரி என்று சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தேன். அந்தச் சோகமுகம் அப்படியே இருந்தது. கடையில் வேறு யாரும் இல்லை. சட்டென்று எழுந்து கதவைத் திறந்து வைத்தேன்.

டிசம்பர் 10

வேலை இல்லை. டைரியை முதலிலிருந்து புரட்டினேன்.

நின்றவை: காதணி, சடங்கு, பிறந்தநாள், கல்யாணம், காந்திமதிநாதன் சார்.

நிற்காதவை: பதினொரு அஞ்சலி. பதினொன்றும் நிஜமாகப் போய்ச் சேர்ந்தவர்கள்.

நான் சாமியாடியிடம்கூடக் குறி கேட்காதவள். மிஷினிடம் கேட்பேனா? சும்மா எழுதி வைக்கிறேன்.

டிசம்பர் 12

மழை. காலையிலிருந்து கரண்ட் இல்லை.

டிசம்பர் 16, திங்கள்

ஜெபராஜ் காலையில் சி.பி.யு.வைத் திறந்து ஒரு முறம் நிறையத் தூசியைத் தட்டினார். கரண்ட் சரியாகப் போகாததுதான் காரணம் என்று பவர் சப்ளை பெட்டியை மாற்றினார். "இனிமே நிக்காதுக்கா." 12.05க்கு ஒரு புதுமனை புகுவிழா. நின்றது. அவர் அப்போது டீக்கடையைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார்.

இனி எழுதப்போவதை ஜெபராஜிடம் சொல்லவில்லை.

காந்திமதிநாதன் சாரின் பைலை நான் அழிக்கவில்லை. ஒரு வாரமாகத் தினமும் ஒரு முறை திறந்து பார்க்கிறேன். தினமும் நிற்கிறது. சார் கஞ்சி குடிக்கிறார், பேப்பர் படிக்கிறார் என்று ஊரில் சொல்கிறார்கள். இன்று 3.10க்குத் திறந்தேன். திறந்துகொண்டது. சத்தமில்லை, நீலமில்லை. வெள்ளைச் சட்டையும் விபூதியுமாகச் சார் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை அப்படியே மவுஸில் இருந்தது.

3.35க்கு மருமகன் போன். "அக்கா, மாமா தவறிட்டாவ. இப்பதான், ஒரு அரைமணி நேரம் இருக்கும்."

"ரெடியா இருக்கு" என்றேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

டிசம்பர் 19, வியாழன்

என் வீட்டுக்காரர் போய் இன்றோடு ஏழு வருடம்.

வீட்டு பீரோவிலிருந்து அவர் படத்தை எடுத்து வந்தேன். கல்யாணமான புதிதில் ஸ்டுடியோவில் எடுத்தது. ஸ்கேனரில் எவ்வளவு துல்லியம் வைக்க முடியுமோ அவ்வளவு வைத்தேன். அஞ்சலிக்கு இத்தனை தேவையில்லை. இடது புருவத்துக்கு மேல் இருக்கிற மரு தெரியட்டும் என்று வைத்தேன், அவ்வளவுதான்.

அதை அஞ்சலி பேனரில் ஏற்றினேன். கறுப்பு பார்டர், இரண்டு பக்கமும் விளக்கு, கீழே திரு. சொரிமுத்து. உலகம்மாள் மதினி கேட்டாள் என்பதற்காகத்தான் செய்தேன். மூடிவிட்டு மறுபடி திறந்தேன்.

12.45. க்க்க். நீலம்.

1.05. நீலம்.

1.20. நீலம்.

மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் பசித்தது. பக்கத்துக் கடையிலிருந்து ஒரு ஆம்லேட்டும் வாங்கிச் சாப்பிட்டேன்.

டிசம்பர் 20

10.00. நின்றது.

டிசம்பர் 21

10.00. நின்றது. வரும் வழியில் மல்லிகைப் பூ வாங்கி வைத்துக்கொண்டேன். மலிவாகத்தான் இருந்தது.

டிசம்பர் 23

10.00. நின்றது. நேற்று ஞாயிறு, கடை லீவு. இருப்புக் கொள்ளவில்லை.

டிசம்பர் 26

10.00. நின்றது. உலகம்மாள் மதினி போன். டிசைன் ஆயிற்றா என்று கேட்டாள். மிஷின் ரிப்பேர் மதினி என்றேன். பொய் இல்லையே.

டிசம்பர் 30, திங்கள்

நான் கூப்பிடாமலே ஜெபராஜ் வந்துவிட்டார். போன வாரம் முழுக்க நான் போன் பண்ணாதது அவருக்குச் சந்தேகமாம். "கம்ப்யூட்டர் சரியாயிட்டுன்னு நீங்க ஒரு நாளும் சொன்னதில்லையேக்கா. வேற ஆளை வச்சிட்டியளோன்னு பாத்தேன்."

பென்டிரைவ் ஒன்றைச் செருகி, மிஷினின் ஞாபகப் பலகையான ரேமைச் சோதிக்க விட்டார். கறுப்புத் திரையில் எண்கள் ஓடின. முக்கால் மணி நேரத்தில் சிவப்பு வரிகள் வர ஆரம்பித்தன, ஒன்றன்கீழ் ஒன்றாக.

"புடிச்சிட்டேன்க்கா. ரெண்டு ரேம் கெடக்குல்லா, அதுல ஒண்ணுல ஒரு இடம் செத்துப் போச்சு. சின்ன பைலு அதுவரைக்கும் போவாது. கனமான படம் வந்தா அங்க போய்க் காலை வைக்கும், மிஷின் விழுந்திரும்."

"அஞ்சலிக்கு மட்டும் ஏன் நிக்கலை?"

"அஞ்சலிக்கு எங்க கனமான படம் வருது? ரேஷன் கார்டுல இருந்து தபால்தலை சைசுக்கு வெட்டிக் கொண்டாருவாவ. உசுரோட இருக்கவங்கன்னா செல்லுல அப்பதான் எடுத்த படம், யானைக் கனம் இருக்கும்."

டைரியைப் புரட்டினேன். பிறகு காந்திமதிநாதன் சார் படத்தைப் பற்றிக் கேட்டேன். அதுவும் செல்லில் எடுத்ததுதான். ஒரு வாரம் நின்றது ஏன் ஒரு நாள் திறந்தது?

"ரோட்டுல பள்ளம் கெடந்தாலும் ஒரு நேரம் சக்கரம் ஒதுங்கிப் போயிரும்லாக்கா. அப்படித்தான்."

"இத்தனை வருஷமா வராத கோளாறு?"

"பழைய சாப்ட்வேர் அந்த இடம் வரைக்கும் போனதே இல்ல. புதுசு போகுது. இது ஆரம்பத்துல இருந்தே இப்படித்தான் கெடந்திருக்கும். செகண்ட் ஹேண்ட் மாதிரி இருக்கு. யாரு போட்டா?"

கழற்றி என் கையில் கொடுத்தார். விரல் நீளத்துக்குப் பச்சைப் பலகை. பின்பக்கம் ஒரு ஸ்டிக்கர், நீல மையில் கையெழுத்து: 19.12.17, ஆவுடை மிஷின்.

என் வீட்டுக்காரர் எழுதினால் 'ஆ' எப்போதும் வால் நீண்டு போகும்.

"குப்பையில போட்டிரவாக்கா?"

"வேண்டாம்" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. ஜெபராஜ் பையை மூடினார்.

ஜனவரி 2, வியாழன்

ஜெபராஜ் புது ரேம் போட்டுவிட்டுப் போனார். கல்யாணம், காதணி, கும்பாபிஷேகம், எல்லாம் மளமளவென்று திறக்கிறது.

12.10க்கு அவர் படத்தையும் திறந்தேன். திறந்துகொண்டது.

ரேம் புதிது. அதனால் திறக்கிறது. எனக்குத் தெரியும். மூடினேன். ஷட்டரையும் இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜனவரி 4, சனி

சி.பி.யு.வைத் திறந்து பழையதையே மாட்டினேன். ஜெபராஜ் செய்வதைப் பார்த்ததுதான். இரண்டு பக்கமும் அமுக்கினால் டக்கென்று உட்காருகிறது.

10.00. க்க்க். நீலம்.

அந்தச் சோகமுகத்தைப் பார்த்துச் சிரித்தேன். பைத்தியக்காரி என்று யாராவது நினைத்தால் நினைக்கட்டும்.

ஜனவரி 8

10.00. நின்றது. இரண்டு கல்யாண பேனர் கைவிட்டுப் போயிற்று. வேறு கடைக்குப் போய்விட்டார்கள். போகட்டும்.

ஜனவரி 11, சனி

10.00. நின்றது.

உலகம்மாள் மதினி வந்தாள். இந்த முறை தண்ணீர் குடிக்கவில்லை.

"பொங்கல் வந்தாச்சு. அமாவாசைக்குப் பதினெட்டு நாள்தான் இருக்கு. அடிச்சியா இல்லையா?"

"அடிக்க மாட்டேன் மதினி."

"ஏன்?"

"அவுக இருக்காவ."

மதினியின் முகம் ஒரு நொடியில் மாறியது. எழுந்து வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "போன் வந்துச்சா? யாராவது பாத்தாவளா? சொல்லேன், ஆவுடை!"

என்ன சொல்வேன்? மிஷின் நிற்கிறது மதினி, அதனால் இருக்கிறார் என்றா? திரும்பி மிஷினைப் பார்த்தேன். அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"எனக்கு மட்டும் அவன் செத்துட்டான்னு ஒட்ட ஆசையா, ஆவுடை? எம்மா செத்தப்புறம் நாந்தான் அவன இடுப்புல வச்சு வளத்தேன்" என்று அழுதுகொண்டே போனாள். பாவம். நான் பிடித்து நிறுத்தவில்லை.

டைரியில் ஒரு சின்னப் பேச்சு என்று எழுதியிருக்கிறேன். அது சின்னப் பேச்சு இல்லை.

அவர் போன அன்றைக்குக் காலையிலிருந்து மாதா கோவில் திருவிழா பேனர் போட்டுக்கொண்டிருந்தேன். நாற்பது தலைகள், நாற்பது பெயர்கள். சேவ் பண்ணவில்லை. மிஷின் ஸ்லோ, மிஷின் ஸ்லோ என்று நான்தான் மாதக்கணக்கில் புலம்பிக்கொண்டிருந்தேன். சாப்பிட வீட்டுக்குப் போய் வருவதற்குள் இவர் ஒயரைப் பிடுங்கி, மூடியைத் திறந்து, எங்கிருந்தோ வாங்கி வந்ததை உள்ளே மாட்டி, பெரிய வேலை செய்த மாதிரி இளித்துக்கொண்டு நின்றார். நாற்பது தலையும் போயிற்று.

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "செத்துத் தொலைங்க. ஊரு பூரா அஞ்சலி அடிக்கேன், உங்களுக்கும் ஒண்ணு என் கையாலயே அடிச்சு ஒட்டுதேன்."

அவர் ஸ்குரூவை ஒவ்வொன்றாக முடுக்கினார். நான்கு ஸ்குரூ. சட்டையை மாட்டினார். வாசலில் நின்று தொண்டையைச் செருமினார், எப்போதும் செருமுகிற மாதிரி. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். கடைக்கு லீவு. ஆனாலும் போய் ஷட்டரைப் பாதி தூக்கி உள்ளே நுழைந்தேன். 10.00. நின்றது. வீட்டுக்கு வந்து பொங்கல் வைத்தேன்.

ஜனவரி 17

10.00. நின்றது.

ஜனவரி 20, திங்கள்

10.00. நின்றது. ஜெபராஜ் எட்டிப் பார்த்தார். திரையில் நீலம். அவர் சி.பி.யு.வைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் பழையதை மாட்டியிருப்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

"அக்கா, அது வெறும் பலகைக்கா" என்றார், மெதுவாக.

"தெரியும் ஜெபராஜ்."

"என்னைக்காவது ஒரு நாள் அது திறக்கும். சும்மாவே திறக்கும். அன்னைக்கு நீங்க ஒண்ணும் நெனச்சுக்கிடக் கூடாது."

சரி என்றேன். டீ சொன்னேன். குடிக்காமல் போனார்.

ஜனவரி 23, வியாழன்

10.00. திறந்துகொண்டது.

சத்தமில்லை. கறுப்பு பார்டர், இரண்டு விளக்கு, நடுவில் அவர். புருவத்துக்கு மேல் மரு. ஜெபராஜ் சொன்னது ஞாபகம் இருந்தது. சக்கரம் பள்ளத்தில் படாமல் போயிருக்கும். மூடிவிட்டு மறுபடி திறந்தேன். திறந்தது. ரீஸ்டார்ட் செய்து திறந்தேன். திறந்தது. மூடியைக் கழற்றிப் பார்த்தேன். பழைய பலகைதான், அதே ஸ்டிக்கர், அதே வால் நீண்ட 'ஆ'. கழற்றி, துடைத்து, மாட்டினேன். திறந்தது. நேற்று நின்ற காதணி பேனரைத் திறந்தேன். அது நீலமாகி நின்றது. அவர் படத்தைத் திறந்தேன். திறந்தது.

பதினொரு முறை. எழுதி வைத்திருக்கிறேன். 10.00, 10.04, 10.11, 10.15, 10.22, 10.30, 10.41, 10.48, 10.55, 11.05, 11.20.

நில்லேன் என்று மிஷினைப் பார்த்துச் சத்தம் போட்டேன். பூக்காரி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. நேற்று வரைக்கும் நின்றதே. அப்படியானால் நேற்று வரைக்கும் இருந்திருக்கிறார். ஏழு வருடமும் எங்கேயோ சோறு தின்று, எங்கேயோ படுத்து எழுந்து இருந்திருக்கிறார். ஒரு போன் பண்ணவில்லை. பண்ணியிருந்தால் நான் என்ன, மாட்டேன் என்றா சொல்லியிருப்பேன்? அப்படி என்ன சொல்லிவிட்டேன் உங்களை? சொன்னேன். சொன்னேன்தான். அதற்காக ஏழு வருடமா?

நிறைய நேரம் அழுதேன். ஷட்டரை இறக்கவில்லை. பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

ஒரு மணிக்கு உலகம்மாள் மதினிக்குப் போன் போட்டேன். "அடிச்சிட்டேன் மதினி. சாயந்திர பஸ்ஸில வந்திரும்" என்றேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அப்புறம், "தேதி போட்டியா? டிசம்பர் பத்தொம்பதுதான?" என்று கேட்டாள். "நான் பாத்துக்கிடுதேன்" என்று வைத்துவிட்டேன்.

பெயர் சரியாக இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தேன். கீழே மறைவு என்ற இடத்துக்கு எதிரில் 23.1.2025 என்று அடித்தேன். சேவ் ஆனது.